ஊரே சேர்ந்து காற்றடித்த டயர்

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுக்கச் சொல்லி பாய் ஆள் அனுப்பியிருக்கிறார். வில்லியனூரில் அவருடைய டயர் கடைக் கவுண்டருக்குப் பின்னால் இடுப்பு தேயும்வரை நின்றவன் நான். முதலில் ஓய்வு பெற்றது இடுப்புதான். அதற்குத் துணையாக நானும் வீட்டுக்கு வந்துவிட்டேன். வயது என்னவோ ஐம்பதைத்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. வாய்க்கு இன்னும் பணி நீட்டிப்பு உண்டு. அதனால் எழுதுகிறேன்.

டயரை எப்படிக் கழற்றுவது, எப்படி மாட்டுவது என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதைப் பட்டறையில் கற்றுக்கொள்வீர்கள். கற்றுக்கொள்ளாவிட்டால் டயர் நெம்பும் லிவர் துள்ளி வந்து முட்டியில் கற்றுக்கொடுக்கும். ஒரு டிராக்டர்க்காரர் கவுண்டருக்கு வந்து, "ரேடியல் போடலாமா, சாதா போடலாமா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன பிறகு நடப்பதைப் பற்றித்தான் இது. பதில் சொல்வது சுலபம். சொன்ன பதில் கழனியில் போய் மாட்டிக்கொண்டு நிற்கும்போது நிமிர்ந்து நிற்பதுதான் வேலை. நான் நிமிர்ந்து நிற்கவில்லை. தரையில் உட்கார்ந்தேன். அதையும் சொல்கிறேன்.

உங்களில் சிலருக்கு இன்னும் வித்தியாசம் பிடிபட்டிருக்காது. நாம் சாதா என்று சொல்வதைத்தான் கம்பெனிக்காரர்கள் பயஸ் பிளை என்கிறார்கள். உள்ளே நூல் அடுக்குகள் குறுக்கும் மறுக்குமாக, கயிற்றுக் கட்டில் பின்னியதைப் போல ஓடும். மேற்புறமும் பக்கமும் ஒரே விறைப்பு. கல்லில் இடித்தாலும் கரும்பு வெட்டிய அடிக்கட்டை குத்தினாலும் 'போடா' என்று போய்க்கொண்டே இருக்கும். விலையும் குறைவு. ரேடியலில் நூல் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புக்கு நேராக ஓடும். தரையைத் தொடும் இடத்தில் மட்டும் தனியாகப் பட்டை போட்டு இறுக்கியிருப்பார்கள். அதனால் பக்கம் மடங்கிக் கொடுக்கும், அடிப்பகுதி பரந்து மண்ணில் உட்காரும். பிடிப்பு அதிகம், டீசல் மிச்சம், ரோட்டில் ஓடினாலும் சூடு குறைவு. ஆனால் அந்தப் பக்கம் மென்மையானது. கூரான கட்டைக்கு அது பிடித்தமான இடம்.

ஆக, எது உசத்தி என்று கேட்பவரிடம் உடனே பதில் சொல்லாதீர்கள். வண்டி விடிந்ததிலிருந்து அடையும்வரை எங்கெங்கே போகிறது என்று முதலில் கேளுங்கள். பாய் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே வியாபார ரகசியம் இதுதான். மற்றதெல்லாம் அவர் முறைத்தே சொல்லிக்கொடுத்தார்.

ஏம்பலத்திலிருந்து தனலட்சுமி அக்கா வந்தபோதும் இதைத்தான் கேட்டேன். அக்கா என்று கூப்பிடுவது கவுண்டர் பழக்கம்; வயதில் என்னைவிடச் சின்னவர். அவர் பெயரில் ஒரு டிராக்டர், ஒரு டிரெய்லர். ஓட்டுவது கணவர் முருகையன். முடிவெடுப்பது அக்கா. கோபம் இல்லாதபோது என்னை 'அண்ணே' என்பார். கோபம் வந்தால் 'யோவ்'. நான் இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பேன்.

"அண்ணே, பின்னாடி டயர் ரெண்டும் மொழுக்குனு போச்சு. இந்த சீசனுக்குக் கரும்பு அடிக்கப் போறோம். இன்னா போடலாம்?"

"வண்டி எங்கெங்க போவும்?"

"கழனியில லோடு ஏத்துனா அப்புறம் ஆலை வரைக்கும் தார் ரோடுதான். எல்லையத் தாண்டிப் போவணும். எறக்கிட்டு வெறும் டிரெய்லரோட திரும்பணும். முக்காவாசி நேரம் ரோட்டுலதான் கெடப்போம்."

முருகையன் மெதுவாக வாயைத் திறந்தார். "கழனியில கட்டை குத்துமேண்ணே."

நியாயமான கேள்வி. "வரிசைக்கு நடுவுல ஓட்டுவீங்களா, வரிசை மேலயே ஏத்துவீங்களா?"

"நடுவுலதாண்ணே."

"தூக்கம் வராத வரைக்கும் நடுவுல," என்றார் அக்கா.

நான் இரண்டு பக்கமும் எடுத்துச் சொன்னேன். பாரத்தோடு ரோட்டில் நெடுந்தூரம் ஓடும் வண்டி, கழனியில் கொஞ்ச நேரம்தான், ஓட்டுபவர் நிதானமானவர். ரேடியலுக்குப் பொருந்தும் வண்டி அது. அப்போது நம் பக்கத்துக் கழனிகளில் பின்சக்கரத்துக்கு ரேடியல் போட்ட டிராக்டரை விரல் விட்டு எண்ணலாம். அக்கா கொஞ்சம் யோசித்தார்.

"உன் சொந்த வண்டியா இருந்தா இன்னா போடுவ அண்ணே?"

"எனக்குச் சொந்தமா ஒரு மொபெட்டுதாங்க்கா. அதுக்கு டயர் வாங்கவே வூட்டுல மனு குடுக்கணும்."

சிரித்துவிட்டு, "ரேடியலே போடு" என்றார். மாட்டி முடித்துச் சக்கரத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டினோம். அப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். சொல்லாமல் விட்டேன் என்று யாரும் என்மேல் பழி போட முடியாது. இப்படித்தான் சொன்னேன்:

"அக்கா, இந்த டயரு பக்கத்துல உப்பலாதான் தெரியும். மாமியார் வூட்டு விருந்துக்குப் போன மாப்ள கன்னம் மாதிரி. பாத்து பயந்துடாதீங்க. காத்து எறங்கிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, மாப்ள சாப்புடறாருன்னு அர்த்தம்."

எல்லோரும் சிரித்தார்கள். முருகையன்தான் அதிகம் சிரித்தார். என் தமாஷ் எடுபட்ட பெருமையில் நான் கல்லாப் பக்கம் திரும்பி பாயைப் பார்த்தேன். பாய் சிரிக்கவில்லை. அவர் எப்போதும் சிரிப்பதில்லை என்பதால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

வண்டி எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பிப் போனது.

சில நாள் கழித்து, காலையில் நான் கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது போன். எடுத்ததுமே 'யோவ்'.

"யோவ், உன் டயரு ஏமாத்திடுச்சுய்யா! லோடோட நிக்குது, சுத்துது, ஏற மாட்டேங்குது. ஊரே வேடிக்கை பாக்குது. வர்றியா, இல்ல இந்த டயர உருட்டினு வந்து உன் கடை வாசல்ல கொளுத்தவா?"

இந்த இடத்தில் அவருக்கு என்ன போய்விடும் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கரியமாணிக்கத்தில் சேதுராமன் என்று ஒரு பெரிய கரும்புக்காரர். அவர் யாருக்கு லோடு கொடுக்கிறாரோ அவருக்குத்தான் சுற்றியுள்ள கழனிக்காரர்களும் கொடுப்பார்கள். பல வருஷமாக அந்த வேலை வேலாயுதம் என்பவரிடம் இருந்தது. அவரிடம் இரண்டு டிராக்டர். இந்த முறை தனலட்சுமி அக்கா நேரே போய்க் கேட்டார். சேதுராமன், "ஒரு நாள் ஓட்டிக் காட்டும்மா. நல்லா போச்சுன்னா சீசன் பூரா உனக்கு" என்று சொல்லியிருந்தார். அன்றைக்குத்தான் அந்த ஒரு நாள். வெட்டிய கரும்பு வெயிலில் கிடக்கக் கிடக்க எடை குறையும். வண்டி ஏறாவிட்டால் சேதுராமன் காத்திருக்க மாட்டார். லோடும் போகும், சீசனும் போகும்.

நான் பாய்க்குப் போன் போட்டேன். "பாய், குடோன்ல இருந்து சாதா டயர் ரெண்டு எடுத்து மினி லாரியில ஏத்தச் சொல்லுங்க. கழனியிலயே மாத்திடலாம். நான் போறேன்."

"இன்னா ஆச்சு டயருக்கு?"

"ஏற மாட்டேங்குதாம்."

"அது அவங்க சொன்னது. நீ பாத்தியா?"

"இல்ல பாய்."

"பாக்காமயே மாத்திடுவியா? மொதல்ல போய்ப் பாருப்பா." போன் கட்.

மொபெட்டை எடுத்தேன். வில்லியனூரிலிருந்து அந்தப் பக்கம் போகும் ரோட்டில் அன்று எனக்குத் தெரிந்த எல்லாத் தெய்வங்களையும் தொந்தரவு செய்தேன். வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மனிடம், 'இந்த வண்டி ஏறிடுச்சுன்னா மொட்டை போட்டுக்கறேன் தாயே' என்று வேண்டிக்கொண்டேன். ஏம்பலம் தாண்டின பிறகுதான் என் தலையில் மொட்டை போட அதிகம் மிச்சமில்லை என்பது நினைவுக்கு வந்தது. நடுவில் பளபளப்பு, காதுக்கு மேலே ஓரமாகக் கொஞ்சம் முடி. அம்மனை ஏமாற்றுவதாக ஆகிவிடுமோ என்று அது வேறு ஒரு பயம் சேர்ந்துகொண்டது.

கழனிக்குப் போய்ச் சேர்ந்தால், உள்ளே கரும்பு ஏற்றிய டிரெய்லரோடு டிராக்டர். கழனியிலிருந்து ரோட்டுக்கு ஏற ஒரு மண் சரிவு. முந்தின நாள் சாயந்திரம் பெய்த தூறலில் மேல்தோல் மட்டும் வழவழப்பாக இருந்தது, அடியில் கெட்டி மண். முருகையன் கிளட்ச்சை விட்டார். சக்கரம் விர்ரென்று சுற்றியது. வண்டி இருந்த இடத்திலேயே இருந்தது. சுற்றிலும் வெட்டு ஆட்கள், சேதுராமன், அவருக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு வேலாயுதம். அவருடைய டிராக்டர் மேலே ரோட்டில் சங்கிலியோடு தயாராக நின்றது. ஆள் முகத்தில் அவ்வளவு கவலை. அவ்வளவு கவலையை நான் கல்யாண வீட்டில் பந்தி முடிந்த பிறகு 'சாப்பிட்டீங்களா?' என்று கேட்பவர் முகத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

"வாங்க டயரு," என்றார் வேலாயுதம். "எலுமிச்சம்பழம் பெருசா வெக்கலியா?"

அக்கா என் பக்கம் திரும்பினார். "யோவ், சொல்லு. இன்னா பண்ணப் போற?"

என்ன பண்ணினேன் தெரியுமா? உட்கார்ந்தேன். ஏதோ டயரை ஆராய்வதற்காகக் குந்தியவன் போல முகத்தை வைத்துக்கொண்டேன். உண்மையில் எழுந்து நின்றால் விழுந்துவிடுவேன். ஆனால் உட்கார்ந்த இடம் நேராகப் பின்சக்கரத்துக்கு எதிரில். கண்ணுக்கு நேரே டயர்.

புது டயரில் குட்டிக் குட்டி ரப்பர் முடி இருக்குமே, அதைப் பார்த்தேன். நடுவில் ஒன்றுகூட இல்லை, ரோட்டில் தேய்ந்து சுத்தமாகப் போயிருந்தது. இரண்டு ஓரத்திலும் மட்டும் கடையிலிருந்து போன அன்று இருந்தது போலவே அத்தனை முடியும் அப்படியே நின்றது. என் தலையையே அங்கே மாட்டி வைத்ததைப் போல இருந்தது.

ரேடியலுக்கு அப்படி ஆகக் கூடாது. அது பரந்து உட்கார வேண்டிய டயர். ஓரமும் நடுவும் சேர்ந்துதான் தேய வேண்டும். பக்கத்தைப் பார்த்தேன். மாப்பிள்ளைக் கன்னமே இல்லை. முரசு மாதிரி விறைத்துக்கொண்டிருந்தது. டயர் நடுவயிற்றில் மட்டும் நின்றுகொண்டிருந்தது, ஓரங்களை மண்ணில் ஊன்றவே இல்லை.

"முருகையா, காத்து அடிச்சியா?"

அவர் சீட்டிலிருந்தே தலையைச் சொறிந்தார். "மொத நாளு சப்பையா தெரிஞ்சுதுண்ணே. பங்க்ல கொஞ்சம் அடிச்சேன்."

"அப்பவும் உப்பலாதான் இருந்துச்சா?"

"ஆமாண்ணே. ஏம்பலத்துல பஞ்சர் கடைக்காரர் பாத்துட்டு, 'இன்னாப்பா இப்படி ஒக்காந்து கெடக்குது, பாவம்'னு அவரே ஓசியில அடிச்சு வுட்டாரு."

அக்கா கொதித்தார். "யோவ் மனுஷா, யாரக் கேட்டு அடிச்ச? நான் ஒருத்தி இருக்கறது கண்ணுக்குத் தெரியலியா? அவனும் நீயும் சேந்து..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். முகம் மாறியது. பிறகு வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "நேத்து எங்கண்ணன் வெல்டிங் பட்டறைக்கு வண்டிய எடுத்துனு போனோம். அங்கயும் லைட்டா அடிச்சோம்."

"லைட்டான்னா?"

"அவன் கம்ப்ரசரு பெருசு."

வெட்டு ஆட்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். எல்லோரும் நல்லவர்கள். ஒருவர்கூட விரோதி இல்லை. சாதா டயரிலேயே பிறந்து சாதா டயரிலேயே வளர்ந்த கண்கள் அவை. உப்பின டயரைக் கண்டால் காற்றில்லாத டயர் என்றுதான் அந்தக் கண்ணுக்குத் தெரியும். பசித்த பிள்ளைக்குச் சோறு போடுவதைப் போல, ஏம்பலத்துச் சுற்றுவட்டாரமே பாவம் பார்த்து என் ரேடியலுக்குக் காற்று ஊட்டியிருந்தது.

எனக்கு உயிர் வந்தது. எழுந்து நின்றேன். "எல்லாரும் நவுருங்க. காத்தைப் புடுங்கணும்."

"இன்னாது?" என்றார் வேலாயுதம். "ஏறாத வண்டிக்குக் காத்தைப் புடுங்குறியா? அப்புறம் டயருக்கு உயிரு இருக்குமா?"

சேதுராமனும் புருவத்தைத் தூக்கினார். "தம்பி, நேரம் ஆவுது. வேலாயுதம் சங்கிலியப் போட்டு இழுத்துடட்டும். அப்புறம் மத்ததப் பேசிக்கலாம்."

மத்ததைப் பேசிக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அக்காவுக்குத் தெரியும். வேலாயுதத்தின் சங்கிலியில் வெளியே வரும் லோடு வேலாயுதத்துடையது. "அண்ணே, சீக்கிரம்," என்றார். குரலில் 'யோவ்' போய் 'அண்ணே' வந்ததுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

வால்வு மூடியைக் கழற்றினேன். ஒரு குச்சியை எடுத்து ஊசியை அழுத்தப் போனேன். அப்போதுதான் கவனித்தேன், காற்று மீட்டர் என்னிடம் இல்லை. பதற்றத்தில் கடையிலிருந்து பையை எடுத்தபோது மீட்டர் இருந்த பையை விட்டுவிட்டு என் சோற்றுப் பையை எடுத்து வந்திருந்தேன். உள்ளே தயிர்சாதமும் நார்த்தங்காயும்.

எதற்கு மீட்டர், கண்ணாலேயே பார்த்து இறக்கிவிடலாம் என்று கை துடித்தது. இத்தனை வருஷ அனுபவம் இருக்கிறதே! எல்லோரும் பார்க்கிறார்கள், இந்த நேரத்தில் ஏதாவது ஒன்று செய்வதுதான் வீரம். குச்சி வால்வுக்கு மேலேயே நின்றது.

தம்பிகளே, தங்கச்சிகளே, இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். முருகையன் கண்ணால் பார்த்துத்தான் அடித்தார். பஞ்சர் கடைக்காரர் கண்ணால் பார்த்துத்தான் அடித்தார். அக்காவின் அண்ணன் கண்ணால் பார்த்துத்தான் அடித்தார். நான்காவதாக நானும் கண்ணால் பார்த்து இறக்கப் போகிறேன். அவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அதிகமாக இறக்கிவிட்டால் அத்தனை பாரத்தில் ரிம்மிலிருந்து டயர் நழுவும், அல்லது மென்மையான பக்கம் மடிந்து கட்டையில் கிழியும். அப்போது ஒரு நாள் வேலை மட்டும் போகாது, டயரும் போகும்.

குச்சியைக் கீழே போட்டேன். "யார்கிட்டயாவது காத்து மீட்டர் இருக்கா?"

ஊரில் கருத்தாக வண்டி வைத்திருக்கும் ஆள் யார் என்று யோசித்தேன். பதில் எதிரிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

"வேலாயுதண்ணே, உங்க டூல் பாக்ஸ்ல இருக்கும் இல்ல?"

அவர் என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். நம் பக்கத்துக் கரும்புக் கழனியில் ஒரு வழக்கம் உண்டு. கயிறு, ஜாக்கி, ஸ்பேனர், குடிதண்ணீர் இந்த நான்கையும் யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லக் கூடாது. சண்டைக்காரன் கேட்டாலும் சொல்லக் கூடாது. நாளைக்கு அதே சேற்றில் நீதான் மாட்டிக்கொண்டு நிற்பாய். மீட்டர் அந்தப் பட்டியலில் வருமா வராதா என்று அவர் மனதுக்குள் ஒரு பஞ்சாயத்து நடந்தது முகத்தில் தெரிந்தது.

"கேட்டா இல்லன்னு சொல்ற வம்சம் இல்லய்யா எங்களுது," என்றார் கடைசியில். "ஆனா ஒண்ணு. காத்தை எறக்கியும் வண்டி ஏறலன்னா என் சங்கிலிதான். அப்புறம் மூச்சு வுடக்கூடாது. சம்மதமா?"

நான் வாயைத் திறக்கும் முன்பே அக்கா சொல்லிவிட்டார். "சம்மதம்."

மீட்டர் வந்தது. வைத்துப் பார்த்தேன். இருக்க வேண்டியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. முருகையனைக் கூப்பிட்டு முள்ளைக் காட்டினேன். அவர் சேதுராமனைக் கூப்பிட்டுக் காட்டினார். வேலாயுதம் தன் மீட்டரையே சந்தேகப்பட்டுக் கொஞ்சம் தட்டிப் பார்த்தார்.

இறக்க ஆரம்பித்தேன். கொஞ்சம் இறக்குவது, அளப்பது, மறுபடி கொஞ்சம். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். 'உஸ்ஸ்' என்று காற்று போகப் போக அக்காவின் முகம் பாம்பைப் பார்ப்பது போல ஆனது. டிரெய்லர் பாரத்துக்குக் கம்பெனி சொல்லும் அளவுக்கு வந்ததும் நிறுத்தினேன். கன்னம் உப்பியிருந்தது. அடியில் ஓரத்து முடியெல்லாம் மண்ணில் பதிந்திருந்தது.

"இன்னாடா இது, பஞ்சரு மாதிரி கெடக்குது," என்று ஒரு வெட்டு ஆள் வருத்தப்பட்டார். பம்ப் கையில் இருந்திருந்தால் அவரும் அடித்திருப்பார்.

"முருகையா, ரேஸ் பண்ணாத. மொத கியர். மெதுவா வுடு."

அடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். காதால் கேட்டதைச் சொல்கிறேன். முதலில் எஞ்சின் கத்தியது. சக்கரம் ஒரு தடவை வழுக்கியது. அம்மா, தாயே, இருக்கிற முடியையாவது எடுத்துக்கோ என்றேன். பிறகு அந்தக் கத்தல் தணிந்து கனத்த முனகலாக மாறியது, பாரத்தைத் தோளில் வாங்கிக்கொண்டவன் முனகுவானே அந்த மாதிரி. கரும்புக் கட்டுகள் கிரீச்சென்று உரசின. டிரெய்லர் கொக்கி இறுகியது. அப்புறம் யாரோ விசில் அடித்தார்கள்.

"யோவ்! கண்ணைத் தொற!"

திறந்தேன். வண்டி ரோட்டில் நின்றது. முருகையன் சீட்டில் எழுந்து நின்று துண்டைச் சுழற்றிக்கொண்டிருந்தார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தூசி" என்றார். முந்தின நாள் மழை பெய்த கழனியில் எங்கே தூசி? நானும் கண்ணைத் துடைத்தேன். எனக்கும் தூசிதான்.

சேதுராமன் அதிகம் பேசவில்லை. "நாளைக்குக் காலையில அடுத்த கட்டம் வெட்டுறாங்க. வண்டிய எடுத்தாந்துடும்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். அக்கா அந்தச் சொல்லைக் கேட்டதும் அப்படியே வரப்பில் உட்கார்ந்தார். அவரும் டயரை ஆராயத்தான் உட்கார்ந்தார் என்று வைத்துக்கொள்வோம். நான் சோற்றுப் பையைத் திறந்து தயிர்சாதத்தை நீட்டினேன். பாதியைச் சாப்பிட்டுவிட்டு, "நார்த்தங்கா நல்லா கீதுண்ணே" என்றார். மறுபடி அண்ணன் ஆகிவிட்டேன்.

வேலாயுதம் மீட்டரை வாங்கித் துடைத்துப் பையில் வைத்தார். போகாமல் நின்றார். "நான் இன்னா போடறதுய்யா?"

"உங்க ரெண்டு வண்டியில கட்டைய உழுது போடறது எது?"

"பெரிசு."

"பெரிசுக்கு சாதாவே போடுங்க. நாளெல்லாம் கட்டை மேலயே ஓடுது. ரேடியல் கிழிஞ்சுடும்."

"அவளுக்கு ரேடியலு, எனக்கு மட்டும் சாதாவா?" என்று அவர் கோபித்துக்கொண்டு போனார். வாங்க வந்தபோது சாதாதான் வாங்கினார். அன்றைக்கு மினி லாரியில் நான் ஏற்றச் சொன்ன டயர்கள் குடோனை விட்டு நகரவே இல்லை என்பதை பாய் சொல்லித்தான் பிறகு அறிந்தேன்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது காற்று மீட்டரைப் பற்றி மட்டும் இல்லை. அதை மறக்காமல் எடுத்துப் போங்கள், நிச்சயமாக. ஆனால் யோசித்துப் பாருங்கள், டயரைத் தேர்ந்தெடுத்ததில் நான் தப்பு செய்யவில்லை. சொல்ல வேண்டியதையும் சொன்னேன். விருந்து, மாப்பிள்ளை, கன்னம் என்று ரசம் சேர்த்துச் சொன்னேன். அவர்களுக்கு மாப்பிள்ளை நினைவில் இருந்தார், டயர் நினைவில் இல்லை. நான் தமாஷ்காரன் என்று ஊருக்கே தெரியும். தமாஷ்காரன் வாயிலிருந்து வரும் எச்சரிக்கையை யாரும் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆகவே, எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்க வையுங்கள். காற்று அளவைச் சொல்லும்போது மட்டும் முகத்தை பாய் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அன்று அவர் ஏன் சிரிக்கவில்லை என்பது எனக்குக் கழனியில் குந்தியபோதுதான் விளங்கியது.

அந்த சீசன் முழுக்க அக்காவின் வண்டிதான் ஓடியது. ஆனால் ஏம்பலத்துக் கருணை அவ்வளவு சீக்கிரத்தில் அடங்கவில்லை. நிறுத்தின இடத்திலெல்லாம் யாராவது ஒருவர் கட்டை விரலால் டயரை அழுத்திப் பார்த்து, "காத்து இல்லம்மா" என்றார்கள். கடைசியில் அக்கா பொறுக்க முடியாமல் பின் மட்கார்டு இரண்டிலும் மஞ்சள் பெயிண்டில் பெரிதாக எழுதிவிட்டார்: 'டயர் நல்லாத்தான் இருக்குது. யாரும் காத்து அடிக்காதீங்க.'

எழுதின மறுநாள் ஏம்பலம் பஞ்சர் கடைக்காரர் எனக்குப் போன் செய்தார்.

"அண்ணே, வண்டி இங்கதான் நிக்குது. எழுதியிருக்கறத படிச்சேன்."

"படிச்சியா? நல்லது."

"படிச்சேண்ணே. இருந்தாலும் பாத்துக்கினே இருக்க மனசு கேக்கலண்ணே. லைட்டா ஒரு ரெண்டு புடி அடிச்சு வுடட்டா?"

நாக்கு நுனியில் மாப்பிள்ளை வந்து நின்றார். விருந்தும் வந்து நின்றது. இரண்டையும் விழுங்கினேன்.

"அடிக்காத," என்றேன்.